அரை நாளில் ஆறு சீலை

ஊட்டியில் சினிமா சொல்லிக்கொடுப்பவளுக்கு முதல் எதிரி பனிதான். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் காட்சி ஊடகம் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டில் ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். முக்கால்வாசிப் படங்கள் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். வெள்ளையாக ஒரு திரை, மெல்ல விலகும் பனி, அதற்குள்ளிருந்து ஒரு கற்பூர மரம், பின்னால் புல்லாங்குழல். கதை காதலாக இருந்தாலும் பனி, கொலையாக இருந்தாலும் பனி. "ஏங்கண்ணு, நீங்க பனிய எடுக்கலீன்னா அது கோவிச்சுக்கிட்டு மேட்டுப்பாளையம் எறங்கிப் போயிருமா?" என்று வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பனியோடுதான் வந்து நிற்பார்கள்.

நான் குன்னூர்க்காரி. அப்பா பொள்ளாச்சிப் பக்கமிருந்து மலையேறி வந்து மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்தவர். எனக்குப் பனி என்றால் துணி காயாத நாள், அவ்வளவுதான். அதில் கவிதை இருப்பதாக யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். இந்த எரிச்சலை மனதில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு வருடமும் மதிப்பீட்டுக்கு உட்காருவேன்.

படத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. படத்தை ஊருக்குச் சொல்ல அவர்கள் செய்திருக்கும் விளம்பரத்துக்கும் உண்டு. ஒரு போஸ்டர், ஒரு சின்ன டிரெய்லர், நாலு வரியில் கதைச் சுருக்கம். பெரும்பாலான ஆசிரியர்கள் இதையெல்லாம் கடைசியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதில்தான் ருசி. சமையல் எப்படி வந்திருந்தாலும், என்ன சமைக்க நினைத்தாள் என்பது கடையிலிருந்து வாங்கி வந்த சாமானைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா, அப்படித்தான். போஸ்டரைப் பார்த்தால் அந்தப் பிள்ளை மனதில் எந்தப் படம் ஓடியது என்று தெரியும். படமும் போஸ்டரும் ஒட்டவில்லை என்றால் எங்கேயோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் சொல்லப்போகும் மதிப்பீடு சென்ற ஆண்டு நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து வெளித்தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். விளம்பரத் துறையில் நெடுங்காலம் இருந்தவர். நல்ல மனிதர், கூர்மையான கண். குளிர்தான் ஆகாது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு படங்களும் பனியில் ஆரம்பித்துப் பனியிலேயே முடிந்தன. "ஏனுங் மேடம், படத்துலதான் பனின்னு பார்த்தா ஹாலுக்குள்ளயும் வந்துருச்சுங்களே" என்றார். சன்னலை யாரோ மூடாமல் விட்டிருந்தார்கள்.

மூன்றாவது படம் இருவர் குழுவினுடையது. இயக்கியவள் சேரங்கோடு பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். அவளுடைய அம்மா அங்கே கொழுந்து பறிப்பவர். அம்மாவின் பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அதனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நாங்கள் லைன் வீடு என்றால், அவர்கள் வீட்டில் இன்றும் லயம் என்பார்கள். படம் பிடித்தவன் இத்தலார் பையன், படுகர் வீட்டுப் பிள்ளை. பேச்சு குறைவு, கண் நிறைய. படத்தின் பெயர் 'அரை நாள் லீவு'. முக்கிய வேடத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவே நடித்திருந்தார்.

டிபன் பாக்ஸ் மூடும் சத்தத்தோடு படம் ஆரம்பித்தது. பனி இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதை சின்னதுதான். மகள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்திருக்கிறாள். ஆண்டு விழாவில் கப் கொடுக்கிறார்கள். அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்புகிறாள். பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸும் வழியில் நின்றுவிடுகிறது. அவள் போய்ச் சேரும்போது விழா முடிந்து நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மேடை விளிம்பில் மகள் கப்போடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். மகளுக்கு விக்கல் எடுக்கிறது. கப்பைக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்து வந்து, இருவரும் மாறி மாறிக் குடிக்கிறார்கள். அவ்வளவுதான் படம். அந்த அம்மா பஸ் வராத ரோட்டைப் பார்த்த பார்வையை எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் ஒன்று. அடுப்படியில் டிபன் பாக்ஸ் மூடும்போது அந்த அம்மா கட்டியிருந்தது பச்சைச் சீலை, சிவப்புக் கரை. தேயிலைக்கு நடுவே பாதையில் இறங்கும்போது அரக்கு. பஸ் நிறுத்தத்தில் மஞ்சள். பஸ்ஸுக்குள் ரோஜாப்பூ போட்ட நீலம். பள்ளிக்கூட வாசலில் ஊதா. மேடையில் தண்ணீர் குடிக்கும்போது சந்தன நிறத்தில் சரிகைக் கரை. படமெடுப்பதில் கன்டினியூட்டி என்று ஒன்று உண்டு. ஒரே நாளில் நடக்கும் கதை என்றால் உடை, பொட்டு, கையிலிருக்கும் பை எல்லாம் காட்சிக்குக் காட்சி மாறாமல் தொடர வேண்டும். முதலாண்டுப் பிள்ளைக்கே தெரிந்த பாடம் அது.

விளக்கைப் போட்டார்கள். தேர்வாளர் கதைச் சுருக்கத்தைக் கையில் எடுத்தார். "ஒரே அரை நாளில் நடக்கும் கதைன்னு எழுதியிருக்கீங்க. அந்த அரை நாள்ல அம்மா ஆறு சீலை மாத்திருக்காங்களேம்மா! பஸ்ஸுல ஏறும்போது மஞ்சளு, உக்காரும்போது நீலம். கண்டக்டர் ஒன்னும் கேக்கலீங்களா?"

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் காது நுனி வரை சிவந்துபோனது. பக்கத்தில் நின்ற பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"தப்பு என்னுதுதான் சார். கவனிக்கலை" என்றாள்.

ஆறு தடவை கவனிக்காமல் விடுபவள் அல்ல அவள். மூன்று வருடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என்னிடமே என் பாடத்தில் பிழை கண்டுபிடித்தவள். எனக்கு எங்கோ இடித்தது.

பிறகு போஸ்டரைத் திரையில் போட்டார்கள். சரிவில் அதே அம்மா. தலையில் துண்டு, ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு, கையில் கொழுந்து வெட்டும் கத்தரி. படங்கு என்பது செடிகளின் ஈரமும் குச்சியும் படாமலிருக்கச் சுற்றிக்கொள்ளும் கனத்த பிளாஸ்டிக் தாள். முகம் பாதி திரும்பியிருந்தது. பின்னால் பனி. ஆமாம், பனிதான். ஆனால் அந்தப் பனியை எடுக்கச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. தேர்வாளர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது போஸ்டர்" என்றார். "இந்த முகம் படத்துல எங்கீம்மா போச்சு? இத வெளிய மாட்டி வெச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள சீலைக்கடை காட்றீங்களே." டிரெய்லரும் அந்தச் சரிவில்தான் தொடங்கியது. போஸ்டருக்கும் டிரெய்லருக்கும் அவர் ஏறக்குறைய முழு மதிப்பெண் போட்டார். படத்துக்குக் கன்டினியூட்டியில் மதிப்பெண்ணைக் குறைத்தார். நானும் இரண்டிலும் அவரோடு ஒத்துப்போனேன். படங்களைப் பெற்றோருக்குத் திரையிட்டுக் காட்டும் நாளில் இந்தப் போஸ்டரை வாசலிலேயே பெரிதாக அடித்து வைக்கச் சொல்லிவிட்டு அவர் மலையிறங்கினார்.

அன்று மதியமே அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். "மேடம், போஸ்டரை மாத்திக்கலாமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? இந்த வருஷத்துலயே நல்லா வந்த ஒரே போஸ்டர் அது. படத்துல விட்டத அதுலதான் புடிச்சிருக்கீங்க. மதிப்பீடு முடிஞ்சப்பறம் மாத்துனா திரும்ப முதல்லருந்து மார்க் போடோணும். அந்தப் பையனோட மார்க்கும் சேர்ந்து போகும், தெரியுமல்லோ?"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து அவளை உட்கார வைத்தேன்.

"அம்மா தினம் போன் பண்றாங்க மேடம். ஒரே கேள்விதான். போஸ்டர்ல எந்தச் சீலை புள்ளன்னு. பச்சையா ஊதாவான்னு எங்க லயத்துல சண்டையே நடக்குதாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்.

படத்தில் ஒரு பெண் மட்டும் போதாது என்று முதலில் அவள் லயத்திலிருந்த எல்லாப் பெண்களையும் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் நிற்க, பள்ளிக்கூடத்தில் நாற்காலி அடுக்க. அத்தனை பேரும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். சரி, அம்மா மட்டும் போதும் என்று முடிவானது. தோட்டத்துக்கு ஞாயிறுதான் விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் படப்பிடிப்பு. முதல் ஞாயிறு காலையில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் பச்சைச் சீலையில் வந்து நின்றார். வீட்டில் கட்டும் பழைய சீலைதான் வேண்டும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். போட்டோவுக்கு நிற்கும்போது நல்லதாக ஒன்று கட்டாமல் நின்றதாக அந்த லயத்தில் வரலாறே கிடையாது. கேமரா முன்னால் நைந்ததைக் கட்டிக்கொண்டு நிற்பது கேமராவுக்கே மரியாதையில்லை என்றிருக்கிறார் அம்மா. போகட்டும், படம் முழுக்கப் பச்சையிலேயே எடுத்துவிடலாம் என்று மகளும் விட்டுக்கொடுத்தாள்.

"அடுத்த ஞாயிறு எழுந்து கதவத் தொறந்தா, எதிர்வீட்டு அக்கா வாசல்ல நிக்கிறாங்க மேடம். அரக்குச் சீலைய இஸ்திரி போட்டு, மடிச்சு, கையில வெச்சுக்கிட்டு. 'அவ சீலை மட்டும் சினிமாவுல வருது, என்னுது வரக் கூடாதா?'ன்னு கேக்கறாங்க. அம்மா என்ன பண்ணுவாங்க? 'அவளுதக் கட்டிட்டு இவளுத வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வருமா புள்ள'ன்னுட்டாங்க. அப்பறம் வாரம் ஒருத்தர். கல்யாணத்துக்கு எடுத்தது, மகன் சம்பாதிச்சு வாங்கித் தந்தது, பெட்டியில கெடந்தது எல்லாம் வந்துருச்சு. நடிக்க வெட்கப்பட்டவங்கதான் மேடம். சீலைய அனுப்பிட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "இதை ஏங்கண்ணு அவர்கிட்டச் சொல்லல? அந்தப் பையன் சொல்ல வந்தானே."

"சொன்னா அம்மாவைப் பாத்துல்ல சிரிப்பாங்க. என்னைப் பாத்தே சிரிக்கட்டும்."

நான் சிரித்தது ஞாபகம் வந்து எனக்கு முகம் சுருங்கிப்போனது. போஸ்டரைப் பற்றிக் கேட்டேன்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. படப்பிடிப்பு நடக்கவில்லை. மறுநாள் காலையில் இருவரும் கல்லூரிக்குத் திரும்ப பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தபோது மேலே சரிவில் அம்மா வேலையில் இருந்தார். பையன் தூரத்திலிருந்தே ஜூம் செய்து எடுத்தான். அம்மாவுக்குத் தெரியாது.

"ரோட்டோரமா கார நிறுத்திட்டு டூரிஸ்ட்காரங்க எடுப்பாங்க இல்ல மேடம், அவங்களப் பார்த்தா அம்மா துண்ட இழுத்து மூஞ்சிய மூடிக்குவாங்க. 'அது வேலைக்குப் போட்டுக்கறது, நான் அது இல்ல'ம்பாங்க. நாங்களும் அதே ரோட்டுல நின்னுதான் எடுத்தோம். ஒரு குரல் குடுத்திருந்தா திரும்பியிருப்பாங்க. நானும் கூப்பிடலை." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இப்ப வாசல்ல அதப் பெருசா அடிச்சு வெக்கப்போறீங்க. அம்மா வராங்க. இதுவரைக்கும் நான் படிச்ச எந்த எடத்துக்கும் அவங்க வந்ததில்ல."

இப்போது எனக்குப் புரிந்தது. அந்தப் போஸ்டரில் இருந்த நல்லது எதுவும் பொய்யில்லை. வெளிச்சம், முகம் திரும்பிய கோணம், எல்லாமே உண்மையில் நன்றாகத்தான் இருந்தன. அவ்வளவு நன்றாக இருந்த ஒன்றின் முன்னால் ஒரு அம்மா வந்து நின்று துண்டை இழுக்கத் துண்டில்லாமல் தவிக்கப்போகிறாள். அதற்கு நான் மதிப்பெண் போட்டிருந்தேன்.

பையனைக் கூப்பிட்டு, போஸ்டரை மாற்ற அவனுக்குச் சம்மதமா என்று கேட்டேன். வகுப்பிலேயே படிப்புச் செலவுக்குச் சலுகையோ சிபாரிசோ இல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் நம்பி மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தவன் அவன். இதுவரை அவன் எடுத்ததிலேயே நல்ல போட்டோ அதுதான் என்பது அவனுக்கும் தெரியும். "ஆறேழு வாரம் அவங்க வீட்டுலதான் மேடம் சாப்ட்டேன். போஸ்டரப் பாத்துட்டு அவங்க என்னப் பாத்தா, நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கறது?" என்றான். வேறு பேச்சு இல்லை.

தேர்வாளருக்குப் போன் செய்தேன். அவருக்கு மனசே இல்லை. "நல்ல போஸ்டருங்க மேடம், கொல்றாங்களே" என்று இரண்டு தடவை சொன்னார். நான் சீலைகளின் கதையைச் சொன்னேன். "அந்தக் கண்டக்டர் ஜோக்க நான் சொல்லியிருக்கவே கூடாதுங்க" என்றார். "புதுச எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு பேருமா மறுபடி போடுவோம். ஆனா இருக்கறதுக்குத்தான் மார்க்குங்க, எரக்கத்துக்கு இல்லீங்க." அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

படத்தில் கை வைக்க விதியில் இடமில்லை. போஸ்டர், டிரெய்லர், கதைச் சுருக்கம் மூன்றையும் மாற்றிக்கொண்டு வந்தார்கள். டிரெய்லரின் தொடக்கத்தில் சரிவு போய் டிபன் பாக்ஸ் வந்தது. கதைச் சுருக்கத்திலிருந்து 'ஒரே அரை நாளில்' என்ற சொற்களை எடுத்துவிட்டாள். போஸ்டரில் ஆறு அம்மாக்கள், ஆறு சீலைகளில், வரிசையாக. தனியாக போஸ்டருக்கென்று எடுத்த படங்கள் இல்லாததால் திரைப்படத்திலிருந்தே வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒருத்தி பெரிசு, ஒருத்தி சிறிசு. சந்தன நிறச் சீலையின் ஓரம் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. கீழே நடிகர்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் 'உடைகள்' என்று போட்டு ஆறு பெண்களின் முழுப் பெயர்கள். இடம் போதாமல் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் மாதிரி இருக்குது" என்றேன். இருந்தது. "அந்தப் பேருகளக் கொஞ்சம் கொறச்சா எழுத்து மூச்சு விடும்."

"யாரோடதைக் குறைக்கட்டும் மேடம்?" என்று கேட்டாள்.

நான் பேனாவை எடுத்தேன். வடிவமைப்பு சுமார். எழுத்து நெரிசல். படத்தோடு பொருத்தம் முழுமை. தேர்வாளரும் ஏறக்குறைய அதையேதான் போட்டு அனுப்பினார். கூட்டிப் பார்த்தால் முன்பிருந்ததைவிட நன்றாகவே குறைந்திருந்தது. வகுப்பில் முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டிய இருவர் நடுவில் போய் உட்கார்ந்தார்கள். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடும்போது எனக்கு வலித்தது. அதை மறைக்க அவர்கள் இருவரையும் நன்றாகத் திட்டி அனுப்பினேன். பழைய போஸ்டர் போட்டோவைப் பையன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

திரையிடும் நாள் ஒரு சனிக்கிழமை. ஒரே லயத்திலிருந்து ஏழு பெண்கள் சேர்ந்தாற்போல் லீவு கேட்டால் எந்த அதிகாரியும் மிரண்டுதான் போவார். விசேஷத்துக்குப் போகிறோம் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். முதல் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் மரம் சாய்ந்து வண்டிகள் நிற்பதாக ஒரு போன் வந்தது. அப்புறம் சிக்னல் இல்லை. அந்தப் பெண் வாசலுக்கும் அரங்கத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவர்கள் படம் இரண்டாவதாக வர வேண்டியது. தான் எழுதிய கதை தனக்கே நடக்கப்போகிறது என்று அவள் பயப்படுவது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான். இரண்டாவது படத்தின் ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது என்று துறைத் தலைவரிடம் கூசாமல் ஒரு பொய் சொல்லி, அதைக் கடைசிக்குத் தள்ளினேன். பனிப்படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. அன்று மட்டும் அவை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

கடைசிக்கு முந்தைய படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டார்கள். எல்லோர் மேலும் ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், பஸ் பயணத்தின் அலுப்பு. வாசலுக்கு வந்ததும் ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல் ஸ்வெட்டரைக் கழற்றி மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஊட்டிக் குளிரில்! பச்சை, அரக்கு, மஞ்சள், ரோஜாப்பூ நீலம், ஊதா, சந்தனம். போஸ்டரில் இருந்தவை நடந்து வந்து போஸ்டரின் முன்னால் நின்றன.

"இந்தா, என்னுது மொதல்ல!" என்றார் பச்சை. "ஒன்னுது மொதல்ல வந்தா என்ன, என்னுதுதான் பெருசு" என்றார் ஊதா. பெயர்களைக் கண்டுபிடித்ததும் பேச்சு நின்றது. எழுத்துப் படிக்காத ஒருவர் பையனின் கையைப் பிடித்து, "எம்பேரு எங்க ராசா?" என்று கேட்டார். அவன் தொட்டுக் காட்டினான். அந்த நெரிசலான எழுத்தின்மேல் அவர் ஒரு விரலை வைத்துவிட்டு, எடுக்கவே இல்லை. நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதேன். கொஞ்சம்தான், ஆனால் அழுதேன்.

படம் தொடங்கியது. அடுப்படியில் பச்சை தெரிந்ததுமே நடு வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆத்தாடி, எஞ்சீலை!" மற்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேயிலைப் பாதையில் அரக்கு வந்தது, அரக்குக் குரல் வந்தது. மஞ்சள் வந்தபோது அரங்கத்துக்கே விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு காட்சி மாறும்போதும் அடுத்தது யாருடையது என்று எல்லோரும் அந்த வரிசையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கைத்தட்டினார்கள். தேர்வு நாளில் பெரிய பிழையாக நின்ற அதே வெட்டுகளுக்கு. கடைசிக் காட்சியில் சந்தன நிறம் வந்தபோது மட்டும் சத்தமில்லை. அதன் சொந்தக்காரர், இருப்பவர்களில் வயது மூத்தவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். திரையில் அம்மா கப்பைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தார். தண்ணீர் வழிந்தது. "ஏய், ஏய், சீலை நனையுதுடி!" என்று கத்திவிட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

முடிந்ததும் வராண்டாவில் டீயும் போண்டாவும் கொடுத்தோம். அந்தப் பெண்ணின் அம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திரையில் பார்த்ததைவிடச் சிறிய உருவம்.

"டீச்சரம்மா, எம்புள்ள பாஸுங்களா?"

"பாஸ்தானுங்க."

"சீலை மாறுனதுக்கு மார்க்கு கொறச்சிட்டீங்களாமே?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கொறச்சேனுங்க. போஸ்டருக்கும் கொறச்சேனுங்க."

அவர் தலையாட்டினார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "கொறையத்தானேங்க செய்யும், ஒரு ஆளு போற எடத்துல இத்தன பேரு ஏறுனா" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போது அந்தப் பையன் கேமராவோடு வந்து சற்றுத் தள்ளியே நின்றான். "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

"இரு ராசா" என்று டீயை வைத்துவிட்டு, அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். போஸ்டரில் இருந்த அதே வரிசையில் ஆறு பேரும் நின்றார்கள். அவர் நடுவில் நின்று, கொசுவத்தைத் தட்டிச் சரிசெய்து, கேமராவை நேராகப் பார்த்தார். பையன் கண்ணை வைத்தான். பக்கத்தில் நின்ற மகள் போஸ்டரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா கட்டியிருந்தது சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பருத்திச் சீலை. போஸ்டரில் அது இல்லை. படத்திலும் இல்லை.

"ஏம்மா, உன் சீலை ஒன்னுகூட படத்துல வரலையேம்மா?"

அம்மா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எஞ்சீலை எதுக்கு புள்ள?" என்றார். "நாந்தான் முழுசா வந்திருக்கேன்ல."